அப்பா பேசிய நிமிடங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் தேவராஜ் பதினான்கு வருடம் வேலை பார்த்தான். பிளானிங் பிரிவு. எந்த மெஷினில் எந்த ஷிப்டில் எத்தனை உருப்படி ஓட வேண்டும் என்று முந்தின வாரமே தாளில் போட்டுக் கொடுப்பதும், அடுத்த வாரம் முழுக்க அதன்படி நடக்கிறதா என்று நடந்து நடந்து பார்ப்பதும் அவன் பொறுப்பு. கம்பெனி ஒரகடத்துக்குப் பெயர்ந்தபோது, கொரட்டூரிலிருந்து போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று ஆகிவிட்டது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நின்றுவிட்டான்.

அந்தக் கோடையில்தான் கிஷோரின் வயிற்றுவலிக்குக் காரணம் தெரிந்தது. பையனுக்குப் பதினோரு வயது. ஐந்தாம் வகுப்பு முழுக்க, பள்ளிக்கூட நாளென்றால் காலை ஏழு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. இரண்டு டாக்டர்கள் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா அவனிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எழுத்துகள் அவனுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை, புத்தியில் குறை எதுவும் இல்லை, நேரம் மட்டும் கொடுங்கள் என்றார்.

நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வரும்? தேவராஜும் மனைவி எழிலரசியும் நான்கைந்து நாள் பேசிப் பேசி, வீட்டிலேயே படிக்க வைத்து, பின்னால் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுத வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். எழிலரசிக்கு ஐடி கம்பெனியில் நல்ல வேலை. ஆகவே வாத்தியார் தேவராஜ். ஒன்பது வயது லாவண்யா, அண்ணன் வீட்டில் இருந்தால் நானும் இருப்பேன் என்று சொல்லி, கையோடு பள்ளிக்கூட ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

தேவராஜுக்கு உள்ளுக்குள் ஒரே உற்சாகம். எழுநூறு உருப்படி, முப்பத்திரண்டு மெஷின், மூன்று ஷிப்டு என்று கட்டி மேய்த்தவனுக்கு, இரண்டு பிள்ளைகளும் ஆறு பாடங்களும் எம்மாத்திரம்? மே மாதக் கடைசியில் மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து அட்டவணை போட்டான். காலை எட்டரைக்குத் தமிழ், ஒன்பதே காலுக்குக் கணக்கு, பத்து மணிக்குப் பத்து நிமிடம் இடைவேளை என்று மாலை நான்கு வரைக்கும் நாற்பத்தைந்து நிமிடக் கட்டங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறம். அம்பத்தூரில் பெரிய தாளில் அச்சடித்து வந்து ஹால் சுவரில் ஒட்டினான். ஒரு கட்டம் முடிந்தால் செல்போனில் சங்கு ஊதும்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் நாள் கணக்குப் பாடத்தின் நடுவில் தண்ணீர் லாரி வந்தது. தொட்டி நிரம்பும்வரை கீழே நிற்க வேண்டியது அந்த வாரம் தேவராஜின் முறை. மூன்றாம் நாள் கேஸ் சிலிண்டர். நான்காம் நாள் யாரும் வரவில்லை. இருந்தும் தமிழ் வகுப்பு முக்கால் மணி நேரத்தில் பாதிப் பக்கத்தைத் தாண்டவில்லை. சங்கு ஊதியபோது கிஷோர் ஒரு வரியின் நடுவில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அடுத்ததுக்குப் போகலாம், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான் தேவராஜ். மறுநாள் நேற்றைய மிச்சமும் அன்றைய பாடமும் சேர்ந்துகொண்டன. கம்பெனியில் இதற்குப் பெயர் பேக்லாக். அதை ஒரு தனித்தாளில் சிவப்பு மையில் எழுதி வந்தான். ஜூன் முடிவில் எண்ணிப் பார்த்தால் பதினோரு நாள் பின்தங்கியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஆவடி பக்கத்து முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சாமுண்டீஸ்வரி போன் செய்தார். எழிலரசியின் அக்கா. ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. சத்தம் போடுகிற சுபாவம் இல்லை அவருக்கு. ஆகஸ்டு பதினைந்து கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், இரண்டு பேருக்கும் சின்னதாக ஒரு பரீட்சை வைத்துப் பார்ப்பதாகவும் அமைதியாகச் சொன்னார். சரியாக இருந்தால் இனி ஒரு வார்த்தை பேச மாட்டாராம். இல்லையென்றால் அடுத்த வருடம் பள்ளிக்கூடம்தானாம். எழிலரசி சரியென்று சொல்லிவிட்டாள்.

தேவராஜ் அட்டவணையை இறுக்கினான். எட்டரை மணி வகுப்பு ஆறரைக்குப் போயிற்று. இடைவேளை பத்திலிருந்து ஐந்து நிமிடமாயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் பாடம். பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. லாவண்யா கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினாள். கிஷோர் ஒவ்வொரு சங்குக்கும் தோளைக் குறுக்கினான். ஜூலை இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு, பல் தேய்த்துவிட்டு வந்த கிஷோர் சுவர் ஓரமாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

தேவராஜ் அப்படியே நின்றான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. அன்றைக்குப் பாடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னான். எழிலரசி ஆபீசுக்குக் கிளம்பும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டோமோ என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் நாள் முழுக்க அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஆடி பிறந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். அதையும் மீறித் தேவராஜ் கத்திக் கத்தி நீர்ச் சுழற்சியை விளக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், துலுக்கானம் வந்தான். கம்பெனியில் லேத் ஓட்டியவன். கொரட்டூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அவர்கள் குடும்பம் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அழைக்க வந்திருந்தான். தண்ணீர் குடித்துக்கொண்டே சுவரிலிருந்த அட்டவணையை மேலிருந்து கீழாகப் பார்த்தான். அதன் பக்கத்தில் சிவப்பு மைத் தாள். பிறகு பிள்ளைகள் இருவரையும் பார்த்தான்.

"இன்னா சார், லைன்ல கீறவங்களைக் கேக்காமலே பிளான் போட்டுகினியா?" என்றான்.

பிள்ளைகளிடம் எதைக் கேட்பது என்றான் தேவராஜ். துலுக்கானம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"என் லேத்துக்கு நீ மொத தபா பிளான் போட்டப்போ இன்னா ஆச்சு, ஞாபகம் கீதா? ஒரு பீஸுக்கு நாலு நிமிசம்னு எழுதிகினு வந்த. ஜாப்பு இரும்பை லேத்துல மாட்டவே மூணு நிமிசம் ஆவும். அப்பால ஒரு வாரம் என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுகினு வாயைத் தொறக்காம குந்தினு பாத்த. அதுக்கப்புறம் போட்ட பிளான்தான் சார் ஓடுச்சு."

இதைச் சொல்லிவிட்டு, கூழுக்கு மறக்காமல் பாத்திரம் எடுத்து வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் காலை தேவராஜ் சங்கை அணைத்தான். இந்த வாரம் அப்பா உங்களை எதுவும் செய்யச் சொல்லப்போவதில்லை, புத்தகங்கள் மேசையில் இருக்கின்றன, விருப்பப்பட்டதைப் படியுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து எது எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிக்கொள்வேன், கம்பெனியில் இப்படித்தான் செய்வோம் என்று விளக்கினான். கேட்டதும் லாவண்யாவின் கண்கள் விரிந்தன. அப்படியானால் நாங்களும் உங்களை எழுதலாமா என்று கேட்டாள். என்னை எழுத என்ன இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சரியென்றான். அந்த வாரம் படிக்கத் தோன்றாவிட்டால் என்ன செய்வது என்று கிஷோர் கேட்டதற்கு, அதையும் எழுதிக்கொள்வேன் என்றான்.

முதல் நாள் கிஷோர் ஒன்றும் படிக்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தான். பழைய டார்ச் லைட்டைக் கழற்றினான். இரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குமேல் தானாகவே கணக்குப் புத்தகத்தை எடுத்தான். அரை மணி நேரத்தில் பதினாறு கணக்கு. காலை வேளையில் அவன் நான்கைத் தாண்டி தேவராஜ் பார்த்ததில்லை. வாசிப்பு மட்டும் காலையில்தான் நன்றாக வந்தது. அதுவும் இருபது நிமிடம். அதற்குமேல் போனால் அவன் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான், தெரிந்த சொல்லிலேயே தடுமாறினான். லாவண்யா கதை வேறு. அவள் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. இரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் பின்னங்களைப் போட்டுத் தள்ளிவிட்டு, மறுநாள் கணக்குப் பக்கமே போகவில்லை. இத்தனை நாள் அவள் சூடு பிடிக்கும்போதெல்லாம் சங்கு ஊதி எழுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐந்தாம் நாள் வாயை அடக்க முடியாமல், வழக்கம்போல இரண்டு வகுப்புகள் எடுத்துப் பார்த்தான், ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லாவண்யா தன் நோட்டைக் கொண்டுவந்தாள். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு வாசித்தாள்.

"வெள்ளிக்கிழமை. கணக்கு. மொத்தம் நாற்பத்தைந்து நிமிஷம். அப்பா பேசினது முப்பத்தொண்ணு. அப்பா கண்ணாடி தேடினது நாலு. அப்பாவுக்கு போன் வந்தது மூணு. அண்ணன் கணக்குப் போட்டது ஏழு."

எழிலரசி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"அறிவியல். அப்பா பேசினது முப்பத்தாறு. அதுல, கம்பெனியில ஒருதடவை என்ன ஆச்சுன்னான்னு ஆரம்பிச்சது அஞ்சு தடவை."

எழிலரசிக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அம்மாவின் தலையில் தட்டிக்கொண்டே கிஷோரும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. தேவராஜுக்கு முதலில் சுருக்கென்றது. விளக்காமல் எப்படிப் புரியும் என்று தொடங்கினான். லாவண்யா பேனாவைத் திறந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, அப்பா எவ்வளவு நேரம் பேசினால் சரியாக இருக்கும் என்று கிஷோரைக் கேட்டான்.

கிஷோர் யோசித்தான். "அஞ்சு நிமிஷம்ப்பா. அப்புறம் நான் கேக்கறப்ப மட்டும் சொல்லுங்க. நான் படிக்கிறப்ப அடுத்த வார்த்தையை நீங்களே சொல்லிடுறீங்க. எனக்கு வந்துகிட்டுதான் இருக்கும்."

பேக்லாக் தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தேவராஜுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனியில் இருந்திருந்தால் அப்படிப்பட்ட மெஷினை லைனிலிருந்தே எடுத்திருப்பான். அதை வாய்விட்டுச் சொன்னபோது எழிலரசி மறுபடியும் சிரித்தாள்.

சனிக்கிழமை நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து புதுப் பிளான் போட்டார்கள். மணி போடவில்லை. வாரத்துக்கு என்னென்ன முடிய வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல். எதை எப்போது என்பது அவரவர் விருப்பம். காலையில் வாசிப்பு இருபது நிமிடம், அது மட்டும் கட்டாயம். வியாழக்கிழமை முழுக்கக் காலி. தண்ணீர் லாரிக்கும், சிலிண்டருக்கும், சோம்பலுக்கும் அந்த ஒரு நாள். எந்தத் தொழிற்சாலையிலும் பிளானில் கொஞ்ச நேரத்தைச் சும்மா விட்டு வைப்பார்கள் என்பது பதினான்கு வருடமாகத் தெரிந்த விஷயம். வீட்டுக்கு அதைக் கொண்டுவரத்தான் அவனுக்குத் தோன்றாமல் போயிற்று.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் லாவண்யா தமிழை வெள்ளிக்கிழமை மாலைவரை தள்ளிப்போட்டுவிட்டு அழுதுகொண்டே முடித்தாள். தேவராஜ் நாக்கைக் கடித்துக் கடித்து நாள் ஓட்டினான். மகன் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அந்தச் சில விநாடிகள் அவனுக்குப் பெரிய அவஸ்தையாக இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், விரல்களை எண்ணுவான். பிறகு சொல் வரும். சில சமயம் தப்பாக வரும். கிஷோரே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்வான். கூழ் ஊற்றுகிற அன்று தெருவில் வரிசையில் நின்றபோது, பந்தலில் ஒட்டியிருந்த நோட்டீசை ஓரம் முதல் ஓரம்வரை யாரும் சொல்லாமலே படித்துக்கொண்டு நின்றான். மூன்று வாரம் முடிந்தபோது பின்தங்கல் ஒன்பது நாளாகக் குறைந்திருந்தது. வயிற்றுவலி வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சாமுண்டீஸ்வரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு எழிலரசி தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது மிக்ஸி உறுமிவிட்டு நின்றுவிட்டது. தேவராஜுக்கு அது என்னவென்று பார்க்காமலே தெரியும். தொடப்போனவனைத் தள்ளிக்கொண்டு கிஷோர் முன்னால் வந்தான். தான் பார்ப்பதாகச் சொன்னான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஹாலில் செய்தித்தாள் விரித்து, மிக்ஸியை அதன்மேல் வைத்து, அலமாரியிலிருந்து அதன் கையேட்டைத் தேடி எடுத்தான். லாவண்யா உதவியாள். தேவராஜ் லுங்கியோடு சமையலறை வாசலில் நின்றான். மூன்று சொல்லில் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடலாம். வாயைத் திறக்கவில்லை.

எட்டே முக்காலுக்கே சாமுண்டீஸ்வரி வந்துவிட்டார். கிடைத்த முதல் ரயிலில் ஏறிவிட்டாராம். கதவு திறந்தே இருந்தது. கையில் துணிப்பை, அதற்குள் கேள்வித்தாள்கள். தேவராஜ் பதறிப்போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட வாயெடுத்தான். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

கிஷோர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தான். சின்னச் சின்ன எழுத்து. விரலை அடியில் ஓட்டிக்கொண்டே படித்தான்.

"அதிகச்... சுமையால்... மோட்டார் நின்றுவிட்டால், மின் இ... இணைப்பைத் துண்டி... துண்டித்து, ஐந்து நிமிடம் கழித்து, அடிப்பகுதியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தவும்."

துண்டித்து என்றால் என்ன என்று லாவண்யா கேட்டாள். பிடுங்குவதுதான், அதை நாம் செய்தாயிற்று என்றான். பிறகு மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தான். சிவப்புப் பொத்தான் இருந்தது. ஐந்து நிமிடம் ஆகிவிட்டதா என்று தங்கையைக் கேட்டு, ஆகிவிட்டது என்று அவள் சொன்னபிறகு அழுத்தினான். பிளக்கைச் செருகினார்கள். ஓடியது. இரண்டு பேரும் எழுந்து குதித்தபோதுதான் பெரியம்மா நிற்பதைப் பார்த்தார்கள்.

சாமுண்டீஸ்வரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். போன வருடம் பொங்கலுக்கு வந்திருந்தபோது வாழ்த்து அட்டையில் இருந்த இரண்டு வரியைப் படிக்கச் சொன்னதற்கு இவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதை நேரில் பார்த்தவர் அவர். முதலில் சாப்பிடலாம் என்றார். இட்லி ஆறியிருந்தது. ஐந்து சாப்பிட்டார்.

பரீட்சை இல்லாமல் போகவில்லை. சொன்னால் சொன்னதுதான். பதினோரு மணிக்குத் தமிழ், கணக்கு, சமூக அறிவியல் என்று ஆளுக்கு மூன்று தாள் கொடுத்தார். லாவண்யா கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள். தப்பான இரண்டையும் கேள்வியே சரியில்லை என்று வாதாடி, ஒன்றில் பெரியம்மாவை ஒப்புக்கொள்ளவும் வைத்துவிட்டாள். கிஷோர் தமிழ்த் தாளில் நேரம் முடிந்தபோது பத்தில் ஆறுதான் எழுதியிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று அவனே கேட்டான். கேட்கிற தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எழிலரசி கணவனைப் பார்த்தாள். பெரியம்மா தலையசைத்தார். இன்னும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு பத்தையும் எழுதினான். எட்டு சரி. சமூக அறிவியலில் மட்டும் பாதித் தாள் காலி.

பிள்ளைகள் கீழே விளையாடப் போனபிறகு சாமுண்டீஸ்வரி தாள்களை மடித்துப் பையில் வைத்தார். தேவராஜ் தானாகவே ஒத்துக்கொண்டான்: ஒன்பது நாள் பின்தங்கல் இருக்கிறது, சரித்திரத்தில் இரண்டு பாடம் தொடவே இல்லை.

"தம்பி, எங்க ஸ்கூல்ல ஆகஸ்டுல எப்பவும் ரெண்டு பாடம் பின்னாடிதான் இருப்போம். இருபத்தாறு வருஷமா. வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான்" என்றார். பையின் வாயைக் கட்டிவிட்டு, "அவன் படிக்கிறான். அது போதும் எனக்கு. சரித்திரத்தை டிசம்பருக்குள்ள பாத்துக்கோங்க" என்றார்.

எழிலரசி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தேவராஜ் டீ போடுகிறேன் என்று உள்ளே போய், பால் பொங்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொங்கிப் பாதி வழிந்தபிறகுதான் அணைத்தான்.

மாலையில் கிளம்பும்போது கிஷோர் பெரியம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு, நானும் வரட்டுமா என்றான். அவர் வீட்டில் ஓடாத டேபிள் ஃபேன் ஒன்று இருப்பது எப்படியோ பேச்சில் வெளிவந்திருந்தது. நான்கு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றார் சாமுண்டீஸ்வரி. தேவராஜ் சரியென்றான். லாவண்யா தனக்கு ஃபேனில் ஆர்வமில்லை, ஆனால் அங்கே பூனை குட்டி போட்டிருப்பதாகக் கேள்வி என்று தன் துணிகளையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கொரட்டூர் ஸ்டேஷனில் ஆவடி வண்டி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மூன்று பேருக்கும் ஜன்னல் பக்கமாகவே இடம் கிடைத்தது. கிஷோர் கையை ஆட்டிவிட்டு உடனே பெரியம்மா பக்கம் திரும்பி, கைகளைச் சுழற்றிச் சுழற்றி எதையோ விவரிக்க ஆரம்பித்துவிட்டான். வண்டி போனபிறகு தேவராஜும் எழிலரசியும் அவசரமில்லாமல் பிளாட்பாரத்தில் நடந்தார்கள். வெளியே வந்ததும் ஆளுக்கொரு சமோசா வாங்கிக்கொண்டு, ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.